கும்மிடிப்பூண்டி - வழி: ஹட்டன்

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் எங்கே போனாலும் ஒரே ஒரு உத்தியோகம்தான் காத்திருக்கிறது. பொருளாளர்!

கல்யாண வீட்டில் மொய் எழுதுவதா, தெருவில் போர்வெல் போட வசூல் பண்ணுவதா... "அவரு காமர்ஸ் படிச்சவரு சார்" என்று சொல்லி, ஒரு நோட்டையும் ரசீது புத்தகத்தையும் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள். 2023 ஆகஸ்டில் எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர் பத்து நாள் ஊழியத்துக்காக இலங்கை புறப்பட்டபோதும் அதுவேதான் நடந்தது. பாடத் தெரிந்தவர் பாட்டுக்கு. பேசத் தெரிந்தவர் செய்திக்கு. கிடார் வைத்திருந்தவர் கிடாருக்கு (வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை). எதுவும் தெரியாத நான் கணக்குக்கு.

இதற்கு 'ஷார்ட் டெர்ம் மிஷன்' என்று பெயர். அந்தக் காலத்து மிஷனரிகளுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் படித்தார், அச்சுக்கூடம் வைத்தார், 1719-ல் முப்பத்தாறு வயதில் தரங்கம்பாடி மண்ணிலேயே அடங்கினார். நாங்கள் அப்படியில்லை. ரிட்டர்ன் டிக்கெட்டை முதலில் பத்திரப்படுத்திக்கொண்டு, அப்புறம்தான் ஜெபம் பண்ணினோம்.

தலைக்கு 48 ஆயிரம் ரூபாய். பாதி நம் கைக்காசு, பாதி சபையாரின் காணிக்கை. சிப்காட் உருக்காலையில் ஷிஃப்ட் முடித்து, சட்டையில் கரித்தூளோடு வந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் உண்டு. "தம்பி, அங்க இருக்கிற ஏழை ஜனங்களுக்கு" என்று நூறு ரூபாயை நாலாக மடித்துக் கொடுத்த கருவாட்டுக்கார அம்மா உண்டு. எல்லாவற்றுக்கும் ரசீது போட்டேன். அந்த அம்மா ரசீதை வாங்கி, படிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ரசீதுதான் பின்னால் என்னைப் படுத்தி எடுத்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

*

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர எங்களுக்கு ஆனது மூன்று மணி நேரம். ஆக, பயணத்தின் கடினமான பகுதி இந்தியாவிலேயே முடிந்துவிட்டது.

எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட். முதுகில் கொட்டை எழுத்தில் 'மிஷன் டீம் 2023'. விமானம் பாதி வழி போன பிறகுதான் டீம் லீடருக்கு உறைத்தது. எங்கள் விசா டூரிஸ்ட் விசா! ஒவ்வொருவராக எழுந்து போய், அந்தச் சின்ன டாய்லெட்டில் முழங்கையை இடித்துக்கொண்டு, டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தோம். கட்டுநாயக்காவில் இமிக்ரேஷன் அதிகாரி எங்கள் எட்டுப் பேரையும், வெளியே தொங்கிய எட்டு லேபிள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹாலிடே?" என்றார். "ஹாலிடே" என்றார் லீடர். சத்தியத்தைச் சொல்லப் போனவர்கள் வாசற்படியிலேயே சொன்ன முதல் வார்த்தை அது. அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அவருக்கு எங்களைப் போல எத்தனை பேரோ!

தெருப் பிரசங்கம் எங்கள் திட்டத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்ன சபை ஒன்று. பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் பாட்டு, கதை, காகிதக் கைவேலை. பகலில், அவர்களுடைய ஞாயிறு பள்ளிக் கட்டிடத்துக்குப் பெயின்ட் அடிப்பது. இவ்வளவுதான்.

அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வேன் சுற்றிச் சுற்றி ஏறியது. வழியெல்லாம் பச்சை. எங்கள் ஊரில் புகைபோக்கியும் இரும்புத் தூளும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பச்சை கொஞ்சம் அதிகப்படியாகவே இருந்தது. "என்ன அழகு, என்ன அழகு" என்று போட்டோ எடுத்துக்கொண்டே போனோம். அந்தப் பச்சைக்குள் குனிந்து நின்றவர்கள் போட்டோவில் புள்ளி புள்ளியாக விழுந்தார்கள்.

மலையகத் தமிழருக்கு 2023 ஒரு முக்கியமான வருஷம். 1823-ல் முதல் கூட்டம் காப்பித் தோட்டங்களுக்குப் போனதாகக் கணக்கு. 200 வருஷ நினைவாக, அந்த முன்னோர்கள் நடந்த பாதையிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28-ல் தொடங்கி ஆகஸ்ட் 12-ல் முடிந்தது. அவர்கள் கேட்டது நிலம், வீடு, கௌரவமான கூலி. இருநூறு வருஷமாக மலையைப் பச்சையாக வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மலையில் ஒரு பிடி மண் சொந்தமில்லை. 1948-ல் குடியுரிமையும் போனது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஜனங்களைப் பாகம் பிரித்தார்கள். பாகப் பத்திரத்தில் பாத்திரம் பண்டத்தைக்கூட இவ்வளவு சுளுவாகப் பிரிக்க மாட்டார்கள்.

நம் பக்கத்திலிருந்து ஊழியத்துக்கு அங்கே போனதும் புதிய விஷயம் இல்லை. 1854-லேயே காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்காக மிஷன் ஒன்று ஆரம்பித்து, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போயிருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டு, பத்தாம் நாள் நுவரெலியாவில் ஸ்ட்ராபெரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பவில்லை என்பதுதான் எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம்.

*

மறுநாள் காலை பெயின்ட் டப்பா, பிரஷ், ரோலர், பழைய நியூஸ் பேப்பர் சகிதம் ஞாயிறு பள்ளிக் கட்டிடத்துக்குப் போனோம். போய்ப் பார்த்தால்... கட்டிடம் பளீரென்று வெள்ளையாக நிற்கிறது!

விசாரித்தால், இந்தியாவிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்களே என்று தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து, போன வாரம் ராத்திரி லைட் போட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள்.

எங்களுக்கு முழி பிதுங்கியது. நாலு நாளுக்குப் 'பெயின்டிங்' என்று புரோகிராம் அச்சடித்து, சபையில் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. இப்போது என்ன செய்வது? அந்த ஊர் போதகர் தங்கமான மனிதர். எங்கள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த ரோலரைப் பார்த்தார். "பரவாயில்லைங்க... நீங்க ஆசைப்பட்டு வந்திருக்கீங்க. அடிங்க" என்றார்.

அடித்தோம். அவர்கள் ராத்திரி கண் விழித்து அடித்த வெள்ளையின் மேல், நாங்கள் பகலில் பாட்டுப் பாடிக்கொண்டே ஆகாய நீலத்தை அடித்தோம். எட்டுப் பேரில் ஒருவரும் அதற்கு முன்னால் பிரஷ் பிடித்ததில்லை. ஒரு பேங்க் ஆபீசர், இரண்டு ஆசிரியைகள், ஒரு குவாலிட்டி கன்ட்ரோல், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு காலேஜ் பையன்கள், ஒரு கணக்குப்பிள்ளை. தோட்டத்து ஜனங்கள் வேலை விட்டு வரும்போது நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நல்லா இருக்குங்க" என்றார்கள். விருந்தாளியை வேறு என்ன சொல்வார்கள்?

பிள்ளைகள் விஷயம் வேறு. அதில் பொய் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு, மலைப்பாதையில் அரை மணி நேரம் நடந்து, மூச்சிரைக்க வந்து உட்காரும் அந்தப் பிள்ளைகளின் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. காகிதத்தில் கொக்கு பண்ணச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பெண் பிள்ளை தேயிலை இலையில் கொக்கு பண்ணிக்கொண்டு வந்து நீட்டியது. என் நாலு நாள் ஊழியத்தில் கணக்கில் வைக்கத் தகுந்தது அந்தக் கொக்கு ஒன்றுதான்.

*

மத்தியானச் சாப்பாடு லயத்து வீடுகளில், தினம் ஒரு வீடு. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒன்றோ இரண்டோ. எங்கள் எட்டுப் பேரையும் உட்கார வைக்க, வீட்டுக்காரர்கள் எட்டுப் பேர் வெளியே போய் நிற்க வேண்டும். நின்றார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பெரியம்மா வீடு. எழுபதை எட்டும் வயது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். மகள் கொழுந்து பறிக்கிறார். சோறு, பருப்பு, கோழிக் கறி, மாசிச் சம்பல் என்று இலை நிறைந்தது. அப்போது அங்கே நாள் கூலி ஆயிரம் ரூபாய். நம் காசுக்கு 250 ரூபாய் சொச்சம். அதுவும் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுதாகக் கிடைக்கும். ஒரு கிலோ கோழி அங்கே ஆயிரத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது. என் இலையில் இருந்த காலும் தொடையும் எத்தனை கிலோ கொழுந்து என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பி.காம். புத்தி! அடக்கிக்கொண்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் எங்கள் லீடர் எழுந்து, உணர்ச்சியோடு, "அம்மா... நாங்க கும்மிடிப்பூண்டியிலிருந்து கடல் தாண்டி உங்களைத் தேடி வந்திருக்கோம்" என்றார். இதை அவர் எல்லா வீட்டிலும் சொல்வார்.

பெரியம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"கும்முடிப்பூண்டியா? அப்ப எங்க தங்கச்சிய ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

எங்களுக்குப் புரியவில்லை.

"கேம்ப்ல இருக்கால்ல தம்பி! தொண்ணூறுல போனவ. அங்க பெரிய கேம்ப்பாம்ல? நீங்க இம்புட்டுத் தூரம் தேடி வந்து ஜனங்களப் பாக்குறவங்க... ஊருல இருக்கிறவள பாக்காமலா இருந்திருப்பீங்க?"

பெரியம்மா குத்திக் காட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், துளிகூட இல்லை. சந்தோஷத்தில் கேட்டார். குத்திக் காட்டியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

எட்டுப் பேரும் இலையைப் பார்த்தோம். கும்மிடிப்பூண்டி முகாம் தமிழ்நாட்டின் பெரிய அகதி முகாம்களில் ஒன்று. என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். நான் பிறந்து வளர்ந்த ஊர். அதுவரை அந்த முகாமுக்குள் ஒரு தடவைகூட நான் கால் வைத்ததில்லை. எங்களில் யாருமே வைத்ததில்லை.

*

அக்கா தங்கையின் கதை சின்னக் கதைதான். தங்கை கல்யாணமான புதிதில், 1977 கலவரத்துக்குப் பயந்து, மலையை விட்டு வவுனியா பக்கம் போய்க் குடியேறினார். அந்த வருஷங்களில் மலையகத்திலிருந்து நிறையப் பேர் அப்படி வடக்கே போனார்கள். 1982-ல் அக்கா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் 83, அப்புறம் யுத்தம். 1990-ல் தங்கை குடும்பத்தோடு மன்னாரில் படகு ஏறி ராமேஸ்வரம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கடல் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவொற்றியூர் போகிற தூரம்கூட இல்லை.

நாற்பத்தோரு வருஷமாக இருவரும் நேரில் பார்க்கவில்லை.

"இப்ப போன்ல மொகம் பாத்துப் பேசிக்கிறோம் தம்பி. அதுக்குக் கொறையில்ல. ஆனா போன்ல ஒரு சாமான் குடுக்க முடியுதா?" என்றவர் உள்ளே போய் ஒரு பை கொண்டுவந்தார். இரண்டு கிலோ தேயிலைத் தூள். அடியில், மடிப்பில் நூல் நைந்த ஒரு பழைய சேலை. அவர்களுடைய அம்மா கட்டியது.

"குடுத்திருவீங்கள்ல?"

பையை நான் வாங்கிக்கொண்டேன். பொருளாளர் அல்லவா... பொறுப்பு.

*

திரும்பி வந்ததும் கணக்கு முடித்தேன். நீங்களும் பாருங்கள்.

மொத்த வரவு 3,84,000 ரூபாய். விமான டிக்கெட் 1,68,000. விசா, இன்ஷூரன்ஸ் 20,000. வேன் 72,000. கொழும்பு, நுவரெலியா விடுதி 46,000. வழிச் சாப்பாடு 24,000. டி-ஷர்ட், பேனர் 14,000. இதர செலவு 12,000. பெயின்ட், நோட்டுப் புத்தகம், பிள்ளைகளுக்குப் பரிசு 28,000.

கூட்டினால் பைசா பிசகாமல் டாலி ஆகிறது. ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் தனியாகப் பாருங்கள். நூற்றுக்கு ஏழேகால். கருவாட்டுக்கார அம்மா 'ஏழை ஜனங்களுக்கு' என்று கொடுத்த நூறு ரூபாயில், ஏழை ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது ஏழேகால் ரூபாய். அதிலும் பாதி, ஏற்கெனவே வெள்ளையடித்த சுவரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோழியும் மாசிச் சம்பலும் இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இது எங்கள் ஒருத்தர் சங்கதி இல்லை. 1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டைப் புரட்டிப் போட்டபோது, வட அமெரிக்காவிலிருந்து இப்படிக் குழு குழுவாகப் போய் வீடு கட்டிக் கொடுத்தார்கள். கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் பின்னால் கணக்குப் பார்த்தார். உள்ளூர் ஆட்கள் கட்டினால் ஒரு வீட்டுக்கு ஆவது சுமார் 2,000 டாலர். ஒரு குழு வந்து போக ஆன செலவு சுமார் 30,000 டாலர். போய் வந்தவர்களின் வாழ்க்கையாவது மாறியதா என்று அவர் பார்த்ததில், அதுவும் அவர்கள் நினைத்துக்கொண்ட அளவுக்கு இல்லை.

அப்படியானால் போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

*

அந்தப் பை என் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஹட்டனுக்குப் போக எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. பத்து நிமிஷ தூரத்துக்குத்தான் கால் வரவில்லை. இன்று மழை, நாளை வேலை, நாளை மறுநாள் தலைவலி. கடைசியில் என் மனைவி, "நீங்க போறீங்களா, இல்ல அந்தத் தேயிலையில நான் டீ போட்டுரட்டுமா?" என்று கேட்ட பிறகு சைக்கிளை எடுத்தேன்.

வெளியாட்கள் வந்தால் முகாம் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னேன். தங்கையின் மகன் வந்து அழைத்துப் போனார். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021 ஆகஸ்டில் அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 1,500 ஆக்கியது. அப்போது சொன்ன கணக்குப்படி, தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரம் பேருக்கு மேல். பெயர் மாறினாலும் மாதாமாதம் ஆள் எண்ணுவது நிற்கவில்லை.

நெருக்கமான சந்து. வரிசையாக வீடுகள். எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். லயம்! மலையை எடுத்துவிட்டு வெயிலை வைத்தால் அச்சு அசல் அதுதான்.

தங்கையம்மா பையைத் திறந்தார். தேயிலையை ஓரமாக வைத்தார். சேலையை எடுத்தார். எடுத்து, விரிக்கவில்லை. முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் மகனும் ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பிறகு அந்தத் தேயிலையிலேயே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். "நீங்க எந்தக் கோயில் தம்பி?" என்றார். சொன்னேன்.

"ஓ... தெரியுமே! ஒரு கிறிஸ்மஸுக்கு அங்க வந்திருக்கம். பின் பெஞ்சில இருந்தம். பாட்டு நல்லா இருந்தது."

"அப்புறம் ஏம்மா வரல?"

கொஞ்சம் யோசித்தார். "ஒண்டுமில்ல தம்பி. யாரும் ஒண்டும் கேக்கயில்ல. நாங்களும் வந்திட்டம்."

யாரும் விரட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவ்வளவுதான். எங்கள் வாசலில் 'அனைவரும் வருக' என்று போர்டு இருக்கிறது. அந்த போர்டுக்குப் பெயின்ட் அடிக்கவும் ஒரு தடவை நான்தான் ரசீது போட்டேன்.

மகனுக்கு ஏறக்குறைய என் வயசு. மண்டபம் முகாமில் பிறந்து இந்த முகாமில் வளர்ந்தவர். அவர் பிறந்ததும் இந்தியா, நான் பிறந்ததும் இந்தியா. ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமென்றால், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று சட்டம். ஆகவே எனக்கு 'ஹாலிடே' போக பாஸ்போர்ட் இருக்கிறது. பெரியம்மாவைப் பார்க்கப் போக அவருக்கு இல்லை. அந்தப் பக்கமே திரும்பிப் போய்விடலாம். அது ஒருவழிப் பாதை. இங்கே இருக்கும் மனைவி, மக்கள், வேலை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும்.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்றேன்.

"பெயின்டர்."

எனக்குப் புரை ஏறியது. முகாம்களில் நிறைய ஆண்களுக்கு அதுதான் தொழில் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சும்மா இருக்க மாட்டாமல் போனை எடுத்து, எங்கள் ஆகாய நீலச் சுவரைக் காட்டினேன். ஒரு பாராட்டு கிடைக்கும் என்ற நப்பாசைதான்.

விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அண்ணே, அடியில சுண்ணாம்பு அடிச்சிருந்திச்சா?"

"ஆமா."

"சுரண்டினீங்களா? பிரைமர் குடுத்தீங்களா?"

"..."

"சுண்ணாம்பு மேல அப்படியே எமல்ஷன் அடிச்சா நிக்காதுண்ணே. ஒரு மழை தாங்கும். அப்புறம் அப்பளம் மாதிரி உரிஞ்சுரும்."

கிளம்பும்போது தங்கையம்மா ஒரு பாட்டில் ஆவக்காய் ஊறுகாயைக் கையில் கொடுத்தார். அக்காவுக்கு. நம் ஊர் ஆந்திர எல்லையல்லவா, முகாமிலும் ஆவக்காய் மணக்கிறது. "அடுத்தது எப்ப போவீங்க தம்பி?"

"தெரியலம்மா... நாங்க ஷார்ட் டெர்ம். பத்து நாளைக்குப் போய்ட்டு வர்றவங்க."

தங்கையம்மா சிரித்தார்.

"நாங்களும் அப்படித்தான் தம்பி வந்தம். மூணு மாசத்தில திரும்பிப் போயிரலாம் எண்டுதான் படகில ஏறினம். வாசல்ல கோலப்பொடி டப்பாவைக்கூட எடுத்து வைக்கயில்ல."

முப்பத்து மூன்று வருஷம்.

*

எனக்கு முன்னாலேயே ஒருவர் இலங்கை போய் இப்படி வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார் என்பது ஒரு ஆறுதல். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். வெள்ளாளன்விளைக்காரர். 1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே போய்ப் பார்த்தால், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் கைக்காசு போட்டு, நம் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்! நம் வீட்டைக் கவனிக்க அடுத்த வீட்டுக்காரர் ஆள் அனுப்புவதா என்று அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது.

அசரியா பெரிய மனிதர். சுருக்கென்றதும் சங்கம் ஆரம்பித்தார். நான் சாதாரண பொருளாளர். சபைக் கமிட்டியில் கணக்கைப் படித்தேன். ஏழேகாலையும் சேர்த்துத்தான் படித்தேன். முகாமைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு ஒரு பெரியவர், "தம்பி சொல்றது சரிதான். ஆனா பாஸ்போர்ட் இல்லாம போற இடத்தை எப்படி மிஷன்னு சொல்றது? அது லோக்கல்தானே?" என்றார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பியிருந்தார். அடுத்த வருஷ மிஷனுக்கு நேபாளம் என்று தீர்மானம் ஆனது. கணக்கு வழக்கு? நான்தான்.

ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கருவாட்டுக்கார அம்மா காத்திருந்தார். "கேம்ப்புக்கு எப்பப் போவ? நானும் வர்றேன். என் கடைக்கு வர்ற பொம்பளைங்கதான் அவங்க எல்லாம்" என்றார். அவருக்கு அங்கே பாதிப் பேரைப் பெயர் சொல்லித் தெரிந்திருந்தது! எங்கள் சபையில் அந்த ஊழியத்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்திருக்கிறது. நாங்கள்தான் டி-ஷர்ட் கொடுக்கவில்லை.

இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் முகாமில் ப்ளஸ் டூ காமர்ஸ் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குப் பதிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அதைச் சாதனையாகச் சொல்லவில்லை. டெபிட் எது, கிரெடிட் எது என்று எனக்கே மறுபடி ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலங்கைக்குப் போனது தண்டச் செலவு என்றும் சொல்ல மாட்டேன். பத்து நிமிஷ தூரத்துக்கு என்னைப் போன்றவன் ஹட்டன் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. டிக்கெட் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் ஆகாய நீலம் உரிந்தது. அப்பளம் மாதிரியேதான். ஹட்டன் போதகர் கூச்சத்தோடு போட்டோ அனுப்பினார். அதைக் கொண்டுபோய்த் தங்கை மகனிடம் காட்டினேன். "நம்பர் குடுங்கண்ணே" என்றார். வீடியோ காலில் தோட்டத்துப் பையன்களை நிற்க வைத்து, எதை எங்கே சுரண்டுவது, பட்டி எவ்வளவு பிசைவது, எத்தனை மணி நேரம் காய விடுவது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்தினார். நடுவில் பெரியம்மா கேமராவுக்குள் வந்து, "எங்க தங்கச்சி மகன்! பெரிய பெயின்டர்!" என்று எல்லாருக்கும் அறிமுகப்படுத்திவிட்டுப் போனார்.

சுவர் இப்போது நிற்கிறது. வெள்ளைதான்.

இந்த இரண்டாவது பெயின்ட் வேலையை எங்கள் மிஷன் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். வரவிலா, செலவிலா? இன்னும் டாலி ஆகவில்லை. ஆவக்காய் பாட்டிலும் என் அலமாரியில்தான் இருக்கிறது. உங்களில் யாராவது ஹட்டன் பக்கம் போகிறீர்களா?